பதினோராவது வரிசையில் ஒரு கறுப்பு

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால் அம்மா, "ஆர்பர்ல லாரிக்கு எக்ஸ்ரே எடுக்கா" என்று சொல்லிவிடுவாள். எக்ஸ்ரே இல்லை, காமா கதிர் என்று பல வருஷமாகத் திருத்திப் பார்த்துவிட்டேன். "ரெண்டும் கண்ணுக்குத் தெரியாததுதான? பெறவு என்ன வித்தியாசம்?" என்பாள். கோவில்பட்டியில் எங்கள் தெருவில் லாரிக்குச் சளி பிடித்தால் என்னிடம் அனுப்பலாம் என்று ஒரு கேலியே உண்டு. நான் அதற்குச் சிரிப்பதில்லை. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது தெருவுக்கே தெரியும், அதனாலேயே திரும்பத் திரும்பச் சொல்வார்கள்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் வந்து நிற்கும். ஓட்டுநர் இறங்கி மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். அதன் பிறகு தண்டவாளத்தின் மேல் ஒரு யந்திரம் மெதுவாக லாரியைக் கடந்து போகும். அதன் ஒரு கையில் தடித்த ஈயக் கூட்டுக்குள் கோபால்ட் இருக்கிறது, மறு கையில் கதிரை வாங்கிக்கொள்ளும் கருவிகள். இரும்புச் சுவரைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் எவ்வளவு கதிர் போய்ச் சேர்கிறது என்பதுதான் கணக்கு. அறைக்குள் என் திரையில் படம் கோடு கோடாக இறங்கும். அதற்கு நிறம் கிடையாது. கனமானது கறுப்பு, லேசானது வெளுப்பு, அவ்வளவுதான். பயிற்சிக்குப் போன முதல் நாளே எங்களிடம் சொன்னார்கள், வெடிமருந்து எப்படி இருக்கும் என்று தேடாதே, அதற்கென்று ஒரு முகம் கிடையாது. காகிதத்தில் எழுதியிருக்கிற சரக்கு இப்படித்தான் தெரிய வேண்டும் என்று தெரிந்துவைத்துக்கொள், அதற்குப் பொருந்தாத ஒன்று இருந்தால் நிறுத்து. கதிரின் அளவைப் பதிவு செய்ய என் சட்டையில் ஒரு சின்ன வில்லை குத்தியிருக்கும். அம்மா அதைத் தாயத்து என்று நினைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குத் திருநீறு பூசுவாள்.

அம்மா முப்பது வருஷமாகத் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறாள். எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று சொல்லமாட்டோம், ஆபீஸ்தான். சின்ன வயதில் தீக்குச்சிகளைச் சட்டத்தில் சொருகிக் கட்டை அடுக்கியவள், யந்திரம் வந்தபிறகு பேக்கிங் பகுதிக்குப் போய், அங்கே மூத்த கையாகிவிட்டாள். அவளுக்கு இடது காது கேட்காது. நான் பிறப்பதற்கு முன்னால், அவள் முதலில் வேலைக்குப் போன வேறோர் இடத்தில் ஷெட் வெடித்தது. தீப்பெட்டிக்குச் சம்பந்தமே இல்லாத பட்டாசு மருந்து மூட்டைகளை யாரோ அங்கே மறைத்து வைத்திருந்ததாகப் பின்னால் பேசிக்கொண்டார்கள். அம்மாவின் அக்கா, எனக்குப் பெரியம்மா, அதில் போய்விட்டாள். நான் அவளைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். வீட்டில் நாங்கள் எல்லாரும் அம்மாவுக்கு வலது பக்கமாக உட்கார்ந்துதான் பேசுவோம். அந்த நாளைப் பற்றி அவள் பேசுவதில்லை.

அம்மாவுக்கு ஒரு தம்பி. என் மாமா, ஆப்பிரிக்காவில் ஒரு துறைமுக ஊரில், அம்மாவின் ஆபீஸ் சரக்கை வாங்குகிற வியாபாரியின் சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்க்கிறார். அம்மா கேட்டு முதலாளி வாங்கிக்கொடுத்த வேலை அது. நாலு வருஷமாக ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வர முடியவில்லை. போன ஆடியில் ஒருநாள் வீடியோவில் வந்தார். அங்கே இரண்டு மகன்களுக்கும் மாற்றி மாற்றிக் காய்ச்சல், ஒரு பீடம் போட்டுக் கும்பிட்டால் மனசு ஆறும், பீடம் கட்டுகிற அளவுக்கு நம்ம ஐயனார் கோயில் பிடிமண் வேண்டும் என்றார். ஊரை விட்டுப் போகிறவர்கள் சாமியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கோயிலில் கொஞ்சம் மண் எடுத்துப்போய்ப் புது ஊரில் வைத்தால் சாமி அங்கேயும் வந்துவிடும். எங்கள் ஆட்களே அப்படி வந்து குடியேறியவர்கள்தான்.

அம்மா கூரியர்காரனிடம் போனாள். மண் என்றதும் அவன் பொட்டலத்தைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டான். வீட்டுக்கு வந்து என்னிடம் புலம்பினாள்.

"எந்த நாட்டுக்காரனும் மண்ணை உள்ள விடமாட்டாம்மா. அதுல புழு பூச்சி இருக்கும், செடிக்கு நோய் வரும்" என்றேன்.

"அது மண்ணாடீ? சாமி."

"சாமிக்கும் அதே சட்டந்தான்."

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அம்மா ஒரு விஷயத்தை அப்படியே விட்டுவிட்டாள் என்றால், அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுத்துவிட்டாள் என்று அர்த்தம். பெற்ற மகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

ஆவணி மாதம் ஒரு முற்பகல். ஏழெட்டு லாரிகள் போயிருந்தன. அடுத்த படம் இறங்கத் தொடங்கியதுமே தீப்பெட்டி லோடு என்று தெரிந்துவிட்டது. தீப்பெட்டி எனக்கு மனப்பாடம். லேசான மரக்குச்சி, அட்டை, நடுவே காற்று. படம் முழுக்க வெளுப்பாக, பண்டலுக்கும் பண்டலுக்கும் நடுவே மெல்லிய கோடுகளோடு நோட்டுப்புத்தகம் போல இருக்கும். இதிலும் அப்படித்தான் இருந்தது, பதினோராவது வரிசை வரைக்கும். அங்கே நட்டநடுவில், கீழிருந்து இரண்டாவதாக, ஒரு பெட்டி மட்டும் கறுப்பாக இருந்தது. உள்ளே ஒரு கோடு கூட இல்லை. நாலு கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

படத்தைப் பெரிதாக்கினேன். வெளுப்பைக் குறைத்தும் கூட்டியும் பார்த்தேன். கட்டிகள் அப்படியேதான் இருந்தன. பிறகுதான் அனுப்புகிறவர் பெயரைப் பார்த்தேன். அம்மாவின் ஆபீஸ்.

அந்த ஆபீஸ் சோற்றில் வளர்ந்தவள் நான். அந்த முதலாளி எங்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்கிறவர். அதே மூச்சில் இன்னொன்றும் தோன்றியது. அந்தக் கட்டிகள் மருந்தாக இருந்தால், சுற்றிலும் இருப்பது ஒரு கன்டெய்னர் நிறையத் தீக்குச்சி. அதைத் தூக்குகிற கிரேன்காரர், கப்பலில் அதற்கு மேலே தூங்கப்போகிற ஆட்கள். நிறுத்து என்ற பொத்தானை அழுத்திவிட்டேன்.

மேலதிகாரி வந்தார். சென்னைக்காரர், நல்ல மனிதர், என்னை மகள் போல நடத்துகிறவர்.

"உங்க ஊர் லோடாச்சேம்மா. தெரிஞ்சவங்கதானே?"

"தெரிஞ்சவங்கதான் சார். எங்க அம்மா அங்கதான் வேலை பார்க்கிறாங்க. பெட்டியைத் திறக்கணும்."

"ஒரே ஒரு பெட்டி. சாயங்காலம் கப்பல். இதை இறக்கி ஏத்துறதுக்குள்ள கப்பல் போயிடும். ஒண்ணுமில்லாம போச்சுன்னா பேர் கெட்டுப்போகும், உனக்கும் சேர்த்து."

"இருக்கட்டும் சார்."

சுங்க வேலைகளைப் பார்க்கிற ஏஜென்ட் வேர்த்து விறுவிறுத்து வந்தார். கையில் செல்போன். "தாயி, மொதலாளி லைன்ல இருக்காவ. ஒரு வார்த்தை பேசுதியளா? அவிய அப்படிப்பட்ட ஆளான்னு ஒங்களுக்கே தெரியும்லா."

"அவியளைப் பத்தி எனக்கு ஒண்ணும் சந்தேகமில்ல அண்ணாச்சி. பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னுதான் தெரியல. தெறந்தப்பெறவு நானே பேசுதேன்."

மோப்ப நாய் வந்தது. கதவைத் திறந்ததும் வாசலில் முகர்ந்து பார்த்துவிட்டு நிழலைத் தேடிப் போய்ப் படுத்துக்கொண்டது. சுற்றி நின்றவர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. நாயே சும்மா இருக்கிறது, இந்தம்மாவுக்கு என்ன வந்தது என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நாய் வாசல்லதான் நின்னுச்சு. பெட்டி பதினோராவது வரிசையில இருக்கு. ஒவ்வொரு வரிசையா இறக்குங்க" என்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. இறக்குகிறவர்கள் என்னை முறைத்துக்கொண்டே இறக்கினார்கள். எட்டாவது வரிசையில் எனக்கே பயம் வந்துவிட்டது. படம் தப்பாக இருக்கக்கூடாதா என்று ஒரு பக்கம் வேண்டிக்கொண்டேன், தப்பாக இருந்துவிட்டால் என்ன ஆவது என்று மறு பக்கம் பயந்தேன். ஆனாலும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

பதினோராவது வரிசையில், படம் சொன்ன அதே இடத்தில் அந்தப் பெட்டி இருந்தது. தூக்கிப் பார்த்தவர் கனம் தாங்காமல் உடனே கீழே விட்டார். ஒரு மூலையில் யாரோ குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். எல்லாரையும் தூரமாக விலக்கினார்கள். வெடிகுண்டுப் பிரிவு ஆட்கள் தடித்த உடுப்பு மாட்டிக்கொண்டு பெட்டியை மணல் மூட்டைகளுக்கு நடுவே கொண்டுபோய் வைத்தார்கள். அரை மணி நேரம் கழித்து ஒருவர் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு எழுந்து நின்றார்.

"மண்ணு மேடம்" என்றார்.

முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லாரும். மேலதிகாரியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். கரிசல் மண், காய்ந்து கட்டி கட்டியாக. நாலு துணி மூட்டை. துணி கிளிப்பச்சை, ஓரத்தில் அரக்குக் கரை, ஒரு மூட்டையில் நீல மை கொட்டிய கறை. பன்னிரண்டாம் வகுப்பில் நான் கொட்டிய மை. அம்மா அந்தச் சேலையை அதற்குப் பிறகும் மூன்று வருஷம் ஆபீசுக்குக் கட்டிக்கொண்டு போனாள்.

"சார், இது எங்க அம்மா சேலை" என்றேன்.

சிரிப்பு அடங்கிவிட்டது. மேலதிகாரி என்னைத் தனியே கூட்டிக்கொண்டு போனார். "நீ இதைச் சொல்லியிருக்கவே வேணாம். ஏதோ மண்ணு, யார் வச்சதுன்னு தெரியலைன்னு எழுதிக்கலாம். சரக்கை அடுத்த கப்பல்ல ஏத்திடுவாங்க. அம்மா வேலையைக் கெடுத்துக்காதே."

அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஒரு வரி எழுதாமல் விட்டால் அம்மா மறுநாள் வழக்கம்போல ஆபீசுக்குப் போவாள். ஆனால் அந்த ஒரு வரியை விட்டுவிட்டு, அடுத்த நாள் இன்னொருவர் லோடை நிறுத்தி நடுவெயிலில் இறக்கச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சொல்வார்கள். அன்றைக்குத்தான் அதன் கசப்பு எனக்குத் தெரிந்தது. துணி யாருடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதேன்.

மாதிரிக்குக் கொஞ்சம் எடுத்து முத்திரை வைத்தபிறகு மீதி மண்ணைக் குப்பையில் கொட்டப் போனார்கள். பிடிமண்ணைக் கண்ட இடத்தில் கொட்டக்கூடாது. கேட்டு வாங்கி ஒரு சாக்கில் கட்டிக்கொண்டேன். எட்டயபுரம் வழியாகப் போகிற பேருந்தில் அதைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எப்போதும்வென்றான் நிறுத்தத்தில் கூட்டம் ஏறியபோது கண்டக்டர் சாக்கை நகர்த்தப் பார்த்துத் திணறினார். "என்னக்கா இது இந்தக் கனம் கனக்கு?" மண் என்றேன். "நம்ம ஊர்ல இல்லாத மண்ணா? தூத்துக்குடியில போயா வாங்கிட்டு வாரிய?" என்று பேருந்து முழுக்கக் கேட்கும்படி கேட்டார். சன்னலுக்கு வெளியே கண்ணுக்கு எட்டின மட்டும் கரிசல்தான்.

வீட்டில் அம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆபீஸ் விடுகிற நேரம் ஆகியிருக்கவில்லை. முதலாளி பேக்கிங் பகுதியில் எல்லாரையும் நிறுத்திக் கேட்டிருக்கிறார். மற்றவர்கள் முழித்துக்கொண்டிருந்தபோது இவளே முன்னால் வந்து, அங்கே தம்பி எடுத்துக்கொள்ளட்டும் என்று நான்தான் வைத்தேன், எடுத்த பண்டல் எல்லாம் அலமாரியில் அப்படியே இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். கொஞ்ச நாள் வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டார்கள். கப்பல் போய்விட்டது.

சாக்கை அவள் முன்னால் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

"யார் கண்ணுல பட்டாலும் படும்னு நெனச்சா வச்சிருப்பேனா? பாக்கப்போறது நீதானன்னுதான் வச்சேன்" என்றாள்.

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "எனக்கு எப்படிம்மா தெரியும்? திரையில மண்ணுன்னு எழுதியா காட்டும்? கறுப்பாத்தான் தெரியும். மருந்தும் அப்படித்தான் தெரியும்."

"பெட்டியில பொட்டு வச்சிருந்தேன்லா."

"பொட்டு படத்துல தெரியாதும்மா."

அவளுக்கு அது நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை. இரும்புக்கு உள்ளே இருப்பதையே பார்க்கிற மகளுக்கு, பெட்டியின் மேலே இருக்கிற குங்குமம் தெரியாமல் போகும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை. ஊரில் யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். அவள் எழுந்து, கேட்காத இடது பக்கத்தை எனக்குக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். பத்து நாள் எங்களுக்குள் பேச்சு இல்லை. சோறு வைப்பாள், தட்டை எடுப்பாள், அவ்வளவுதான். முப்பது வருஷமாகக் காலையில் ஏழரைக்கு வாசலைத் தாண்டுகிறவள் வீட்டுக்குள்ளேயே கூட்டினதைத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கும்போது, அந்த வரியை எழுதாமலே விட்டிருக்கலாமோ என்று ஒவ்வொரு நாளும் தோன்றியது. ஒவ்வொரு நாளும் பேருந்து ஏறிப் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். என் பெயரே அங்கே மண்ணு மேடம் ஆகிவிட்டிருந்தது. அடுத்த வாரமே வேறொரு படத்தில் சந்தேகம் வந்து நிறுத்தினேன். "இதுவும் மண்ணா மேடம்?" என்று கேட்டார்கள். இருக்கலாம், இறக்குங்கள் என்றேன். இறக்கிப் பார்த்தால் ஏதோ இரும்புச் சாமான்தான். அதையும் எழுதினேன்.

பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை. எனக்கு விடுமுறை. அம்மா குளித்துவிட்டு வந்து, "சாக்கைத் தூக்கு" என்றாள். கோயிலுக்கு நடந்தோம். மழை இல்லாமல் கரிசல் விரிசலோடிக் கிடந்தது, கால் வைக்கிற இடம் பார்த்துத்தான் வைக்க வேண்டும். எடுத்த இடத்திலேயே மண்ணைக் கொட்டி, அம்மா கையால் பரப்பினாள். பிறகு மாமாவைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏலே, ஒம் மருமவ இருக்க மட்டும் ஒரு பிடி மண்ணு தாண்டாது. லீவு போட்டுட்டு வந்து நீயே சாமியைக் கும்புட்டுட்டுப் போ."

மாமா சிரிப்பது கேட்டது. தன் வேலைக்கு ஆபத்து ஒன்றும் வரவில்லை, பையன்கள் தேவலை என்றார். போனை வைத்தபிறகு அம்மா அங்கேயே மரத்தடியில் உட்கார்ந்தாள். நான் பழக்கத்தில் அவளுடைய வலது பக்கம் போய் உட்கார்ந்தேன்.

"ஒண்ணு கேக்குதேன். உள்ளதச் சொல்லு. நான் வச்சதுன்னு மொதல்லயே தெரிஞ்சிருந்தா விட்ருப்பியா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவள் அதைத்தான் கேட்க விரும்புகிறாள் என்று நினைத்தேன்.

"விட்ருக்க மாட்டேம்மா."

அவள் சேலைத் தலைப்பால் கையிலிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஷெட்டு வெடிக்கதுக்கு ரெண்டு நா முன்னால ஒருத்தர் பாக்க வந்தாவ. சர்க்கார் ஆளு. நம்ம ஊர்க்காரவியதான், ஒங்க பெரியம்மாவுக்கு அண்ணன் மொற. மூட்டையெல்லாம் அங்கனதான் அடுக்கியிருந்துச்சு. இது என்னன்னு கேட்டாவ. ஒண்ணுமில்லண்ணே, நம்ம சரக்குதான்னு ஒங்க பெரியம்மாதான் சொன்னா. அவளுக்கும் தெரியாது, அவட்ட அப்படிச் சொல்லி வச்சிருந்தாவ. அவிய சிரிச்சிட்டு, ஒரு சோடாக் கலரு குடிச்சிட்டுப் போயிட்டாவ. நல்ல மனுசன்தான். தெரிஞ்சவியன்னுதான் தெறந்து பாக்கல."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அதில் இன்னும் மண் ஒட்டியிருந்தது.

மறு வாரம் அம்மாவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட ஆபீசிலிருந்து ஆள் வந்தது. இனிமேல் ஒவ்வொரு பெட்டியையும் மூடுவதற்கு முன்னால் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்தத் தராசுக்கு அம்மாதான் ஆள். "திருடன் கையில சாவி குடுத்திருக்காவ" என்று தெருவில் கேலி செய்தார்கள். அம்மா அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு பெட்டி கொஞ்சம் கனம் கூடினாலும் பிரிக்கச் சொல்கிறாளாம், கெஞ்சினாலும் விடுவதில்லையாம். அவளோடு வேலை பார்க்கிறவர்கள் என்னிடம் வந்து முறையிட்டார்கள்.

அவள் திரும்ப வேலைக்குப் போய் ஒரு மாதம் இருக்கும். நான் காலையில் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா சோற்று வாளியைக் கையில் கொடுத்தாள். சட்டையில் இருந்த வில்லைக்குத் திருநீறு பூசினாள்.

"இன்னைக்கு நம்ம லோடு வருது" என்றாள். "நல்லாப் பாரு."